பன்றிக்கறி தொடாத வீட்டில்

சித்தூர், குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கமிருந்து வலிப்போடு வருகிறவர்களைப் பார்ப்பதும், அந்த வலிப்புக்குக் காரணம் தேடுவதும்தான் இத்தனை வருடங்களாக என் வேலை. நரம்பியலில் எத்தனையோ நோய்கள். ஆனால் இந்த எல்லைப் பகுதியில் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது மூளையின் சிடி ஸ்கேனில் தெரியும் ஒரு சின்னப் புள்ளி.

அதைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் மாத்திரை கொடுத்த காலம் உண்டு. 1980களின் கடைசியில் வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் அந்தக் கட்டிகளை எடுத்துச் சோதித்தார்கள். பெரும்பாலானவற்றில் இருந்தது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். அது சாகும்போது சுற்றிலும் உண்டாகும் வீக்கம்தான் வலிப்பைக் கிளப்புகிறது. கட்டி 20 மில்லிமீட்டருக்குள் இருந்து, கைகால் பலவீனம் கூடிக்கொண்டே போகாமல், மண்டைக்குள் அழுத்தமும் ஏறாமல் இருந்தால் வலிப்பு மாத்திரை கொடுத்துக் காத்திருக்கலாம். பெரும்பாலும் சில மாதங்களில் தானாகவே மறைந்துவிடும். எத்தனை பேரைக் கத்தியிலிருந்து காப்பாற்றிய ஆராய்ச்சி இது!

இதைச் சொன்னதும் தாய்மார்கள் பதறுவார்கள். "நாங்க பன்றிக்கறி தொடவே மாட்டோமே சார்!" நியாயமான கேள்வி. சரியாக வேகாத பன்றிக்கறியைச் சாப்பிடுகிறவருக்குக் குடலில்தான் புழு வளரும். அவருடைய மலத்தில் வெளியேறும் முட்டை கை வழியாக, தண்ணீர் வழியாக, கழுவாத காய்கறி வழியாக இன்னொருவர் வயிற்றுக்கோ, அவர் வயிற்றுக்கேயோ போனால்தான் மூளைக்கு வரும். சுத்த சைவக் குடும்பத்துப் பிள்ளைக்கும் வரும்.

அதனால் ஆஸ்பத்திரியோடு வேலை முடிவதில்லை. வீட்டில், அக்கம்பக்கத்தில் யார் குடலில் புழு இருக்கிறது என்று தேட வேண்டும். மலப் பரிசோதனைக்கு டப்பாவை நீட்டினால் யாருக்குத்தான் சங்கடமாக இருக்காது? ஊர் நர்ஸம்மா கூட வந்து, தமிழும் தெலுங்குமாகப் பேசிப் புரியவைத்தால்தான் நடக்கும். என்னைக் கேட்டால், ஸ்கேன் பார்ப்பதைவிட இதுதான் கடினமான ஆராய்ச்சி. மதிப்பும் இதற்குத்தான் அதிகம். புழு உள்ளவருக்கு மருந்து கொடுத்துவிட்டால் அடுத்த பிள்ளைக்கு வலிப்பு வராமல் தடுக்கலாம்.

அப்புறம் கல்யாணப் பேச்சு. 1999-ல் இந்து திருமணச் சட்டத்தின் தடைகளிலிருந்து வலிப்பை நீக்கிவிட்டார்கள். இதைப் பெண்ணிடமும் பெற்றோரிடமும் சேர்த்தே சொல்கிறேன். மாத்திரையை ஒளித்துவைத்து, மாமியார் வீட்டில் வேளை தவறி, மறுபடி வலிப்பு வந்து தூக்கி வரப்படும் பெண்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டி வாருங்கள், ஸ்கேனைக் காட்டி நானே பேசுகிறேன் என்பேன். சிலர் கூட்டி வருகிறார்கள்.