கடலோர வீட்டுக்கு ஒரு மெத்தை

எங்கள் வீட்டில் பத்தாண்டுக்கு மேல் உழைத்த தேங்காய் நார் மெத்தையின் நடுவில் பள்ளம் விழுந்து, எந்த ஓரத்தில் படுத்தாலும் விடிவதற்குள் நடுவுக்கு உருண்டு வந்துவிடும் நிலை ஏற்பட்ட பிறகுதான் புது மெத்தை வாங்கும் பேச்சு எழுந்தது. விளம்பரங்களைப் பார்த்தால் மெத்தை என்பது குளிரூட்டிய அறையில், வெள்ளை விரிப்பின் மேல், கொசுவே இல்லாத ஊரில் கிடக்கும் பொருளாகத் தெரிகிறது. வடசென்னை ராயபுரத்தில், கடலுக்கு நடந்து போகும் தூரத்தில், குறுகிய படிக்கட்டுள்ள பழைய வீட்டின் இரண்டாவது மாடியில் குடியிருப்பவர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் கட்டிலை அளக்க வேண்டும். கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் மெத்தைகளின் நீளம் பெரும்பாலும் 72, 75, 78 அங்குலம். அகலம் 36, 48, 60, 72 அங்குலம். ஆனால் நம் பகுதிக் கட்டில்களில் பாதிக்கு மேல் தெரிந்த ஆசாரி ஒருவர் வீட்டறைக்குத் தக்கபடி செய்து கொடுத்தவை. எங்கள் கட்டிலின் உள்ளளவு ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. சட்டத்துக்கு வெளியே மெத்தை அரை அங்குலம் பிதுங்கினாலும் ஓரம் சீக்கிரம் நைந்துவிடும் என்பதால், சொல்லிச் செய்யும் மெத்தைதான் எங்களுக்கு வழி என்பது அப்போதே முடிவாகிவிட்டது. கனத்தையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். எட்டு, பத்து அங்குல மெத்தைகள் கடையில் கம்பீரமாகத்தான் இருக்கின்றன. ஆனால் பழைய கட்டிலின் மேல் அவற்றைப் போட்டால் முழங்கால் வலி உள்ளவர்கள் ஏறி உட்காரவே சிரமப்படுவார்கள், எம்.சி. ரோட்டில் வாங்கிய விரிப்புகள் எல்லாம் ஓரத்தில் செருகப் போதாமல் போகும். எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் இரவில் கொசுவலையைச் செருக மெத்தையின் நான்கு மூலைகளையும் தூக்க வேண்டும். வடசென்னையில் கொசுவலை இல்லாமல் படுக்கிற தைரியசாலிகள் குறைவு. ஆகவே ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்துகொண்டோம்.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஒரு கடையில் ஃபோம் மெத்தை ஒன்றைக் காட்டி, இது மெமரி ஃபோம், முதுகுக்கு நல்ல ஆர்த்தோ மெத்தை என்றார் விற்பனையாளர். உறையின் ஓரத்தில் ஜிப் இருந்தது. திறந்து காட்டும்படி கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கி ஒரு முழ நீளம் திறந்தார். அடியில் நான்கு அங்குலத்துக்குப் பல நிறத் துணுக்குகளை ஒட்டி அழுத்திய ரீபாண்டட் ஃபோம். அதன் மேல் ஓர் அங்குலம் சாதாரண வெள்ளை ஃபோம். உச்சியில், விரல் கனத்துக்கும் சற்று அதிகமாக, மஞ்சள் நிறத்தில் மெமரி ஃபோம். பெயரும் விலையும் அந்த மேல் அடுக்குக்கு உரியவை. உடம்பைத் தாங்குவது அடியில் இருக்கும் ஒட்டுத்துணுக்கு. இதில் ஏமாற்று என்று எதுவும் இல்லை. ரீபாண்டட் ஃபோம் கெட்டியானது, சீக்கிரம் பள்ளம் விழாது. ஆனால் எந்த அடுக்கு எத்தனை அங்குலம் என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லாமல் ஃபோம் மெத்தை வாங்குவது வீண் வேலை என்பது என் கருத்து.

கனத்தைவிட முக்கியமானது அடர்த்தி. ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்பதுதான் அந்த எண். பெரியவர்கள் தினமும் படுக்கும் மெத்தையின் உட்பகுதிக்கு 32-க்குக் குறையாமல் இருப்பது நல்லது; அதற்கு மிகவும் கீழே போனால் ஓரிரு ஆண்டுகளில் அமுங்கத் தொடங்கும். கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்ப மனமில்லை என்றால் தராசு இருக்கிறது. 72-க்கு 60 அங்குலத்தில், ஆறு அங்குலக் கனமுள்ள மெத்தையின் கொள்ளளவு ஏறத்தாழ 0.42 கன மீட்டர். முழுவதும் 32 அடர்த்தி ஃபோம் என்றால் உறை நீங்கலாகப் பதின்மூன்றரைக் கிலோவாவது இருக்க வேண்டும். ஒரே ஆள் ஒற்றைக் கையால் தூக்கி ஆட்டிக் காட்டும் மெத்தையைக் கண்டால் கவனமாக இருங்கள்.

மெமரி ஃபோம் 1966-இல் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் பயன்படுத்த உருவாக்கப்பட்ட பொருள். சூடு பட்டால் இளகி உடம்பின் வடிவத்துக்கு வளைந்துகொடுப்பதுதான் அதன் குணம். குளிர்நாட்டிலும் ஏசி அறையிலும் அது நல்ல குணமாகவே இருக்கலாம். மே மாதத்தில், மின்விசிறி மட்டும் ஓடும் அறையில், கடல் ஈரம் கலந்த காற்றில், ஏற்கெனவே இளகிக் கிடக்கும் மெத்தைக்குள் உடம்பு இறங்கி, சுற்றிலும் காற்றோட்டம் அடைபட்டுப் போனால் முதுகு நனைந்துவிடும். ஜெல் கலந்தது குளிர்ச்சியாக இருக்கும் என்பார்கள். கையை வைத்ததும் சில்லென்று இருப்பது உண்மைதான். ஆனால் ஜெல் சூட்டை உள்வாங்குமே தவிர வெளியேற்றும் வழி அதற்குத் தனியாக இல்லாததால், சிறிது நேரத்தில் அதுவும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும்.

ஸ்பிரிங் மெத்தையில் காற்றோட்டத்துக்குக் குறையில்லை. கம்பிச் சுருள்களை ஒன்றோடொன்று பிணைத்த பழைய வகையில் ஒருவர் புரண்டால் மற்றவர் ஆடுவார். என் கணவருக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. அவர் எழும் நேரத்துக்கெல்லாம் நானும் எழ முடியாது. ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் வைத்துத் தைத்த பாக்கெட் ஸ்பிரிங்கில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு என்பதைக் கடையிலேயே சோதித்துப் பார்த்தோம். ஆனால் எங்கள் வீட்டில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பின் கால் என எல்லாவற்றையும் உப்புக்காற்று தின்பதைப் பார்த்துக்கொண்டே, கண்ணில் படாத இடத்தில் இரும்பை வாங்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை. கடலிலிருந்து தள்ளியிருக்கும் கொளத்தூரிலோ மாதவரத்திலோ இருந்திருந்தால் அதையே வாங்கியிருப்பேன்.

இதற்கிடையில் அத்தை இலவம்பஞ்சின் பக்கம் உறுதியாக நின்றார். அவர் தரையில் படுப்பவர். போடிநாயக்கனூர்ப் பஞ்சில் தைத்த மெல்லிய மெத்தை ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். இலவம்பஞ்சு இழை உள்ளே வெற்றுக் குழாய் போன்றது. அதன் மேல் மெழுகுப் பூச்சு இயற்கையாகவே இருப்பதால் தண்ணீர் எளிதில் ஏறாது. உயிர்காப்பு மிதவைகளில் அதை நிரப்பிய காலமும் உண்டு. மாதம் ஒரு முறை மொட்டை மாடியில் வெயிலில் போட்டு எடுக்கலாம், கட்டிதட்டிப் போனால் பிரித்து அடித்து மறுபடி தைக்கலாம் என்ற இரண்டு வசதியும் ஃபோம், ஸ்பிரிங் மெத்தைகளுக்குக் கிடையாது. கலப்படம்தான் பயம். மலிவான கழிவுப் பஞ்சைக் கலந்துவிடுவார்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் போட்டுச் சற்று அழுத்தினாலும் நல்ல இலவம்பஞ்சு மேலே வந்து மிதக்கும், பட்டுப் போல மினுங்கும். தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதைத்தான் நான் சொல்வேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு தெருத்தெருவாக ஊறிப்போன ஃபோம் மெத்தைகள் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு, மழை அறிவிப்பு வந்ததும் சுருட்டி மாடிக்கு எடுத்துப் போகக்கூடிய மெத்தையின் அருமை தெரியும்.

எங்களுக்கு வேண்டியிருந்தது கட்டில் மெத்தை. என் கணவருக்கு இடுப்பு வலி இருப்பதால், எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது, கட்டாந்தரையே உத்தமம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று, நாட்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேருக்குக் கெட்டியான மெத்தையும் நடுத்தரக் கெட்டியான மெத்தையும் பிரித்துக் கொடுத்து 90 நாட்கள் கவனித்தது. நடுத்தர மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. ஆர்த்தோ என்று உறையில் அச்சிட்டிருப்பதற்காகப் பலகை போன்ற மெத்தையை வாங்கத் தேவையில்லை.

கடையில் படுத்துப் பார்ப்பதற்குப் பலரும், குறிப்பாகப் பெண்கள், கூச்சப்படுகிறோம். உள்ளங்கையால் நாலு தரம் அழுத்திப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். கை எட்டுக் கிலோவாவது அழுத்துமா என்பதே சந்தேகம். அது எதையும் சொல்லாது. செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுப்போமோ அந்தப் பக்கமே பத்து நிமிடமாவது படுக்க வேண்டும். மல்லாந்து படுத்திருக்கும்போது இடுப்பின் வளைவுக்கடியில் இன்னொருவர் கையை நுழைத்துப் பார்க்கலாம்: தாராளமாகப் போய் வந்தால் மெத்தை மிகக் கெட்டி, நுழையவே இல்லை என்றால் மிக மென்மை. ஒருக்களிக்கும்போது தோள் வலித்தாலும் அது நமக்கு ஆகாது. மதிய வேளையில் போனதால், என் கணவர் மூன்றாவது மெத்தையிலேயே குறட்டை விடத் தொடங்கிவிட்டார். “சார் முடிவு பண்ணிட்டார் போலிருக்கே மேடம்” என்றார் கடைப் பையன்.

கடைசியில் நான்கு அங்குலம் ரப்பர் கலந்த தேங்காய் நார், அதன் மேல் ரப்பர் பாலிலிருந்து செய்த இயற்கை லேடெக்ஸ் ஃபோம் ஓர் அங்குலம், பருத்தித் துணி உறை என்று அளவு கொடுத்துச் செய்யச் சொன்னோம். தேங்காய் நாரை முறுக்கேற்றிச் சுருளாக்கி, ரப்பர் பால் தெளித்து அழுத்திச் செய்வதால் நார் மெத்தைக்குள் காற்று ஓடும். தனியாக இருந்தால் கொஞ்சம் முரட்டுத்தனமாக இருக்கும். லேடெக்ஸ் அந்தக் குறையைத் தீர்க்கிறது. முழு லேடெக்ஸ் மெத்தை நாங்கள் ஒதுக்கியிருந்த 25,000 ரூபாய்க்குள் அடங்கவில்லை. கட்டிலில் முழுப் பலகை அடித்திருந்தால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும் என்பதால், ஆசாரியை அழைத்துப் பலகையில் வரிசையாகத் துளை போடச் சொன்னோம்.

ஆன்லைனில் வாங்கும் மெத்தைகள் காற்றை உறிஞ்சிச் சுருட்டிய பெட்டியில் வருவதால் எந்தப் படிக்கட்டிலும் ஏறிவிடும். அது மறுக்க முடியாத வசதி. நார் மெத்தையை அப்படி மடிக்கக் கூடாது, மடித்தால் உள்ளே உடைந்துவிடும். மீன்பாடி வண்டியில் வந்து இறங்கிய எங்கள் மெத்தை படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே நின்றுவிட்டது. தெருப் பையன்கள் மொட்டை மாடிக்குப் போய்க் கயிறு இறக்கி, கேபிள் ஒயர்களுக்கு நடுவே பால்கனி வழியாக மேலே இழுத்தார்கள். டெலிவரி இலவசம் என்பது வாசல் வரைக்கும்தான்; மாடிக்கூலியை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

உத்தரவாத அட்டையையும் படித்துவிட வேண்டும். பத்தாண்டு என்று பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை அங்குலப் பள்ளம் விழுந்தால் குறையாக ஏற்பார்கள், எந்த ஆண்டிலிருந்து நாமும் ஒரு பங்கு பணம் கட்ட வேண்டும் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். கறை பட்டிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்றும் பெரும்பாலும் போட்டிருப்பார்கள். ஆகவே தண்ணீர் புகாத மேலுறை ஒன்று அன்றைக்கே வாங்கினோம். பழைய மெத்தைக்குத் தள்ளுபடி தருவதாகச் சொன்ன கடைகள் அதை விலையில் முன்பே ஏற்றி வைத்திருந்ததால் நாங்கள் கொடுக்கவில்லை. யார் எடுத்துப் போனாலும் அது கொடுங்கையூர்க் குப்பைமேட்டுக்குத்தான் போகும். உறையைப் பிரித்துத் துவைத்துக் கால்மிதி தைத்துவிட்டு, மிச்சத்தைக் குப்பை வண்டியிடம் ஒப்படைத்தோம்.

லேடெக்ஸ் மேல்பக்கம் மட்டும் இருப்பதால் இந்த மெத்தையைக் குப்புறப் போட முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை தலைமாட்டைக் கால்மாடாகத் திருப்பிப் போடும்படி கடைக்காரர் சொல்லியிருக்கிறார். திருப்பிய தேதியை மறக்காமல் இருக்க, உறையின் ஓரத்துச் சீட்டில் பேனாவால் எழுதி வருகிறேன்.