கறுப்புப் புள்ளிகளை வாசிக்கும் வேலை

மூளைத் திசுவில் சாகிற நரம்புச் செல்லை, அதாவது நியூரானைக் கண்டுபிடிக்க இன்று பல வழிகள் வந்துவிட்டன. ஃப்ளூரோ-ஜேட் என்ற சாயம் போட்டால் செல் பச்சையாக ஒளிரும், வேலையும் சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் திசுக்களைச் சீவிச் சாயமேற்றும் ஹிஸ்டாலஜி டெக்னீஷியனாக இருக்கும் எனக்கு இன்னமும் வெள்ளியால் கறுப்பாக்கும் சில்வர் ஸ்டெயின் மீதுதான் நம்பிக்கை. செல் உடல் மட்டுமில்லாமல் அதன் செய்தி வாங்கும் கிளைகளான டெண்ட்ரைட், செய்தி அனுப்பும் நாரான ஆக்ஸான், ஆக்ஸான் முனைகள் வரை கறுப்பாகக் காட்டிக்கொடுப்பது வெள்ளிதான். ஸ்லைடும் வருடக்கணக்கில் மங்காது.

இதில் கெட்டிக்காரத்தனம் எங்கே என்றால், சாகிற நியூரானைக் கறுப்பாக்குவதில் இல்லை. நன்றாக இருக்கிற நியூரானும் வெள்ளியை ஆசையாகப் பிடித்துக்கொள்ளும். பீல்ஷோவ்ஸ்கி முறையில் ஸ்டெயின் செய்தால் ஆரோக்கியமான நார்களும் சேர்ந்து கறுத்துவிடும், அந்தக் கூட்டத்தில் சிதைகிற ஒரு நாரை எங்கே போய்த் தேடுவது? நௌட்டா, கைகாக்ஸ் என்ற ஆய்வாளர்கள் 1954-இல் வெளியிட்ட முறையில் மெல்லிய திசுச் சீவலான செக்‌ஷனை முதலில் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் போட்டார்கள். நல்ல நார்கள் வெள்ளியைப் பிடிப்பது அதில் அடங்கியது, சிதைகிறவை மட்டும் கறுத்தன. மூளையின் எந்தப் பகுதியிலிருந்து எந்தப் பகுதிக்கு நார் போகிறது என்று அடுத்த இருபது வருடங்கள் வரைபடம் போட்டவர்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் போட்டார்கள். நாங்கள் இப்போது செய்வது அர்ஜென்டினாக்காரர் டி ஓல்மோஸ் 1994-இல் மெருகேற்றிக் கொடுத்த அமினோ குப்ரிக் சில்வர் முறை.

கையால் செய்யும்போது இது ரொம்பக் கறாரான ஸ்டெயின். கண்ணாடிச் சாமான்களை நைட்ரிக் அமிலத்தில் கழுவி, காய்ச்சி வடித்த தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். குழாய்த் தண்ணீர் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் அதிலுள்ள குளோரைடு பட்டு வெள்ளிக் கரைசல் பால்போல் திரிந்துவிடும். ஸ்டீல் ஃபோர்செப்ஸைக் கிட்டேயே கொண்டுபோகக் கூடாது, கண்ணாடிக் கொக்கிதான். பிரிடின் என்ற ரசாயனத்தின் நாற்றம் ஃப்யூம் ஹூடையும் மீறி வரும். அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மிச்சம் வைக்கக் கூடாது என்று புதிதாக வரும் எல்லாரிடமும் சொல்லிவிடுவேன். வைத்திருந்தால் நாளாக ஆக அது வெடிக்கும் பொருளாக மாறிவிடும்.

ஸ்டெயின் சரியாக வேலை செய்ததா என்று பார்க்கும் பாசிட்டிவ் கன்ட்ரோலாக, நியூரான்களைக் கொல்லும் கைனிக் அமிலம் கொடுத்த எலியின், ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதியின் செக்‌ஷனைக் கூடவே ஓட்டுவோம். ஃபார்மலினும் சிட்ரிக் அமிலமும் கலந்த ரெட்யூசர் கரைசலுக்குள் போனதும் செக்‌ஷன் பழுப்பேற ஆரம்பிக்கும். பிளீச் செய்து, ஹைப்போ கரைசலில் நிறுத்திய பிறகு பார்த்தால் வெளிறிய பின்னணி, அதில் ஹிப்போகேம்பஸின் ஒரு பகுதியான சிஏ3 மட்டும் கறுப்பு வளைவாகத் தெரியும். லென்ஸைக் கூட்டினால் சுருங்கிப்போன செல்களும் முறுக்கிக்கொண்ட டெண்ட்ரைட்டுகளும் வரும். அப்படியே ஸ்லைடைப் பக்கத்துப் பகுதியான சிஏ1 பக்கம் நகர்த்துவேன். அங்கே செல்லடுக்கை ஒட்டிய பட்டையில் மிளகுத்தூள் தூவியதுபோல் நுண்ணிய புள்ளிகள் இருக்கும். சிஏ3-யில் செத்துக்கொண்டிருக்கும் செல்கள் அனுப்பிய ஆக்ஸான்களின் முனைகள் அவை. எத்தனை முறை பார்த்தாலும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன்.

கறுப்பாகத் தெரிவதையெல்லாம் சாவு என்று எழுதிவிடவும் முடியாது. உயிர் போன கையோடு மூளையை எடுத்து அழுத்தினால் நல்ல நியூரான்களே சுருங்கிக் கறுப்பாகத் தெரியும் என்று ஆய்வாளர் காமர்மேயர் 1961-இலேயே எச்சரித்திருக்கிறார். அதனால்தான் ரசாயனத்தால் கெட்டியாக்கி ஃபிக்ஸ் செய்த பிறகும் மூளையை ஓர் இரவு மண்டையோட்டுக்குள்ளேயே விட்டுவைக்கிறோம். அப்புறம், மருந்து கொடுத்து எத்தனை நாள் கழித்து மூளையை எடுத்தோம் என்ற நாள் கணக்கு. மிக முன்னதாக எடுத்தால் செல் இன்னும் கறுக்காது, தாமதமானால் மூளையின் துப்புரவுச் செல்களான மைக்ரோக்ளியா வந்து துப்புரவு செய்து முடித்திருக்கும். கறுப்பே இல்லாத ஸ்லைடைக் கொண்டுவந்து 'மருந்து பாதுகாப்பானது' என்று யாராவது சொன்னால், எத்தனையாவது நாள் எடுத்தது என்றுதான் முதலில் கேட்பேன்.

மருந்து பாதுகாப்பானதா என்ற கேள்வி போன மாதம் வீட்டுக்குள்ளேயே வந்தது. என் தங்கையின் கைக்குழந்தைக்கு ஹெர்னியா ஆபரேஷன். வாட்ஸப்பில் யாரோ அனுப்பிய படத்தை எனக்கு அனுப்பிவிட்டு உடனே போன் செய்தாள்.

"அக்கா, மயக்க மருந்து குடுத்தா குழந்தையோட மூளை இப்படி ஆயிடுமா?"

பார்த்ததும் தெரிந்துவிட்டது. எலிக்குட்டியின் மூளை, சில்வர் ஸ்டெயின், கறுப்புப் புள்ளி புள்ளியாக. 2003-இல் யெவ்டோவிச்-டோடரோவிச் குழுவினர் 7 நாள் வயது எலிக்குட்டிகளுக்கு மிடசோலம், நைட்ரஸ் ஆக்ஸைடு, ஐசோஃப்ளூரேன் மூன்றையும் சேர்த்து 6 மணி நேரம் கொடுத்தபோது நியூரான்கள் பரவலாகச் செத்தன. அந்தக் கவலைதான் வளர்ந்து, 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 3 மணி நேரத்துக்கு மேலோ, திரும்பத் திரும்பவோ மயக்க மருந்து கொடுப்பது பற்றி 2016 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கும் வரை போனது.

"அப்போ படம் பொய் இல்லையா?"

"பொய் இல்ல. ஆனா அது எலிக்குட்டி, மூணு மருந்து, ஆறு மணி நேரம். உன் டாக்டர் எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னார்?"

"முக்கால் மணி நேரம்னார்."

அவளுக்கு 'கேஸ்' (GAS) என்ற ஆய்வைப் பற்றிச் சொன்னேன். 7 நாடுகளில் 722 கைக்குழந்தைகள், எல்லாருக்கும் இதே ஹெர்னியா ஆபரேஷன். பாதிப் பேருக்குப் பொது மயக்கம், பாதிப் பேருக்கு விழித்த நிலையிலேயே முதுகில் ஊசி. 5 வயதில் சோதித்தபோது இரு பக்கத்துக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்று 2019-இல் வெளியிட்டார்கள். பொது மயக்கம் கொடுத்தவர்களுக்கு அது பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்த ஆபரேஷன். தங்கை கேட்டதற்கு நேர் பதில் அதில்தான் இருக்கிறது, எங்கள் ஸ்லைடுகளில் இல்லை.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டாக்டரிடம் வேறு என்ன கேட்க வேண்டும் என்றாள். ஆபரேஷன் அன்று எத்தனை மணிக்குப் பால் நிறுத்த வேண்டும் என்பதைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளச் சொன்னேன்.