எஃப்பை இரண்டு தரம் தட்டினால்

பிப்ரவரி 2

இடது கையில் நடு விரலும் மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டுக்குள். கட்டைவிரலும் ஆள்காட்டியும் மட்டும் வெளியே எட்டிப் பார்க்கின்றன. கன்ட்ரோல் விசை இனி எனக்கில்லை.

பிப்ரவரி 3

ஷிப்டை ஐந்து தரம் தட்டினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று விண்டோஸ் கேட்கும். இத்தனை வருஷம் எரிச்சலோடு மூடிய பெட்டி. இன்று ஆம் கொடுத்தேன். அழுத்திப் பிடிக்க வேண்டாம், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினால் போதும். அப்படியானால் இதுவும் மோடுதானே, அதே விசை வேறு வேலை செய்யும் நிலை!

கணினி விஞ்ஞானி லாரி டெஸ்லர் மோடே கூடாது என்று கார் நம்பர் பலகையில்கூட எழுதி வைத்தவர். விசையைப் பிடித்திருக்கும் வரைதான் மோடு இருக்கலாம் என்றார் இடைமுக வடிவமைப்பாளர் ஜெஃப் ரஸ்கின். போன வாரம் வரை நானும் அந்தக் கட்சி. விரல் பத்தும் இருக்கிறவர்களின் கட்சி.

என் எடிட்டரிலிருந்த கன்ட்ரோல் ஷார்ட்கட் அத்தனையையும் அழித்தேன். இனி விசைகள் கட்டளைகளாகும் நார்மல், எழுத்துகளாகும் இன்செர்ட், இரண்டே மோடு.

பிப்ரவரி 4

வலி.

பிப்ரவரி 6

இன்செர்ட்டிலிருந்து வெளியே வர எஸ்கேப். மூலையில் கிடக்கிறது. 1976-இல் பில் ஜாய் வீஐ எடிட்டரை எழுதியபோது அவர் வைத்திருந்த ஏடிஎம்-3ஏ டெர்மினலில் எஸ்கேப், இன்றைய டேப் இருக்கும் இடத்தில் இருந்தது. அம்புக்குறிகளும் ஹெச், ஜே, கே, எல் மேலேயே அச்சிட்டிருந்தன. அவர் கைக்கு அது பக்கம். நமக்கு அந்தப் பழக்கம் மட்டும் வந்து சேர்ந்தது, விசை வரவில்லை.

வீஐயின் வாரிசான விம் எடிட்டர் ஆட்கள் ஜே ஜே என்று தட்டி வெளியேறுவார்கள், ஆங்கிலத்தில் அந்த ஜோடி அநேகமாக வராது என்பதால். நானும் வைத்தேன். நான் தமிழ் அடிக்கும் தமிழ்99 விசை அமைப்பில் ஜே என்றால் ப. இரண்டு தரம் தட்டினால் ப்ப. முதல் சோதனைக்கு ‘அப்பா’ அடித்தேன். ‘அ’வோடு வெளியே வந்துவிட்டது. மிச்சமிருந்த ‘ஆ’வுக்குத் தட்டிய க்யூ, நார்மல் மோடில் விழுந்து கோப்பை மூடியது. சேமிக்கவும் இல்லை.

பிப்ரவரி 7

ங்ங? இங்ஙனம் எழுதுகிற ஒருவராவது இருப்பார். வேண்டாம்.

பிப்ரவரி 9

தூக்கம் இல்லை. இரண்டு மணிக்குக் கிடைத்தது: எஃப்! தமிழ்99-இல் அது புள்ளி. புள்ளிமேல் புள்ளி எந்தச் சொல்லிலும் வராது. அதுவும் கட்டுக்கு வெளியே நீட்டியிருக்கும் ஆள்காட்டி விரலுக்கு நேர் கீழே.

வெளியேறும்போது தமிழையும் அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் வரியை அழிக்கத் தட்டும் டி டி, ‘உஉ’ என்று போய் உட்காரும். திரும்ப உள்ளே போனால் தமிழ் தானாக எழ வேண்டும். இரண்டும் செய்தாயிற்று. சந்தோஷம்.

பிப்ரவரி 10

‘பல’ என்று அடித்து எஃப் எஃப் தட்டினேன். ‘பல்’ என்று நிற்கிறது.

பிப்ரவரி 11

பல, பல். சில, சில். நில, நில். முதல் எஃப் புள்ளியா, வெளியேறுவதில் பாதியா? இரண்டு தட்டினால் புள்ளியை எடுத்துவிட்டு வெளியேறு, மூன்று தட்டினால் புள்ளியோடு வெளியேறு. ஆனால் இரண்டாவதற்குப் பிறகு மூன்றாவது வருமா என்று எடிட்டர் காத்திருந்தாக வேண்டும்.

பிப்ரவரி 12

எக்ஸ்ரே. இன்னும் ஒரு வாரம்.

பிப்ரவரி 13

டெர்மினலில் எஸ்கேப் என்பது வெறும் 27 என்ற குறியெண். அம்புக்குறி அழுத்தினாலும் முதலில் வருவது அதே 27. பின்னால் வேறேதும் வருகிறதா என்று பார்த்துத்தான் நிரல் முடிவெடுக்கும். அந்தத் தயக்கத்தை எத்தனை தரம் கேலி செய்திருக்கிறேன். இப்போது நானே 300 மில்லிவிநாடி காத்திருப்பு வைத்திருக்கிறேன்.

பிப்ரவரி 14

200 ஆக்கினேன். இந்த விரல் அவ்வளவு வேகமாக மூன்று தட்டாது. ‘பல்’ கேட்டால் ‘பல’ தருகிறது, மூன்றாவது எஃப் நார்மல் மோடில் போய் எதையோ தேடுகிறது.

பிப்ரவரி 16

450. பல், சில், நில் மூன்றும் சரி. கர்சர் மட்டும் அரை விநாடி செத்துப் போகிறது.

பிப்ரவரி 18

நாளை கட்டுப் பிரிக்கிறார்கள். 450-ஐ அப்படியே விடுவதா,