கயிற்றை முதலில் பாருங்கள்

நீலகிரிப் பழங்குடிகளான ஆலு குறும்பரின் ஓவியத்தில் தேனெடுக்கும் காட்சி கண்ணில் பட்டால் ஆட்களை விடுங்கள், கயிற்றைப் பாருங்கள். பாறை விளிம்பிலிருந்து கொடியில் முறுக்கிய ஏணி தொங்கும். தேர்ந்த கை வரைந்திருந்தால், ஆளின் பாரம் தாங்கும் வரை அந்தக் கோடு விறைத்து நிற்கும். அவன் காலுக்குக் கீழே தளர்ந்து லேசாக நெளியும். பழகாத கை மேலிருந்து கீழ்வரை ஸ்கேல் வைத்தாற்போல் இழுத்துவிடும். அந்த ஏணியில் யாரும் தொங்கவில்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிடும்.

மற்றதெல்லாம் சுருக்கிச் சொன்னதுதான். தேனடை ஒரு அரைவட்டம், தேனீ ஒரு புள்ளி. முகத்தில் கண், மூக்கு கிடையாது. நிழலும் தொடுவானமும் கிடையாது. இதைச் சிலர் நவீன ஓவியத்தின் பாதிப்பு என்று நினைக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்து எழுத்துப்பாறையில் இருக்கும் பழைய உருவங்களைப் பார்த்தால் அப்படிச் சொல்ல மனம் வராது. பாறையிலும் சுவரிலும் இருந்த இந்தக் கோடு காகிதத்துக்கு வந்ததில் ஆலு குறும்ப ஓவியர் வெள்ளரிக்கொம்பை கிருஷ்ணனுக்குப் பெரிய பங்கு உண்டு. எதை விடலாம் என்று தெரிந்த கை அவருடையது.

மகாராஷ்டிரப் பழங்குடி ஓவியமான வார்லியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இரண்டு முக்கோணங்கள் முனையோடு முனை சேர்ந்து உடம்பாகும். காவி நிறத் தளத்தில் அரிசிமாவு வெள்ளை. இங்கே வெளிர்த் தளத்தில் செம்மண்ணும் வேங்கை மரப் பிசினின் பழுப்பும்.

அந்தப் பழுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வேங்கைப் பட்டையில் கீறல் விழுந்தால் ரத்தம் போல் வடியும் பால், காய்ந்து கருஞ்சிவப்புக் கட்டியாகும். குழந்தைக்குப் பொட்டு வைக்கக் கொட்டாங்குச்சியில் காயவைத்து விற்பதும் இதேதான். வரைந்து பார்க்க ஆசைப்படுபவர்கள் கட்டியை நுணுக்கி, ஒரு டீஸ்பூன் பொடிக்கு மூன்று டீஸ்பூன் வெந்நீர் என்று தொடங்கலாம். கரைந்ததும் வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரும்புக் கிண்ணம் கூடவே கூடாது: பிசினின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துப்போகும். பீங்கான் அல்லது கண்ணாடி போதும். தேவைக்கு மட்டும் கரையுங்கள். நாள்பட்டால் ஜெல்லியாக உறைந்துவிடும், பிறகு வெந்நீர் ஊற்றினாலும் இளகாது. நிறம் அடர்த்தியாக வேண்டுமென்று ஒரே தடவையில் கெட்டியாகப் பூசினால் காய்ந்து பளபளக்கும், காகிதம் வளைந்தவுடன் வெடிக்கும். நீர்க்கப் பூசி, நன்றாகக் காயவிட்டு, மேலே இன்னொரு பூச்சு கொடுங்கள். காகிதத்தின் கனம் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) இருந்தால் சுருளாது.

வெந்நீரில் கரைவது ஈரத்திலும் கசியும். நம் ஊரில் பெரிய தொல்லை அதுதான். கூடலூர்ப் பக்கம் ஜூன் தொடங்கி, குன்னூர், கோத்தகிரியில் அக்டோபர், நவம்பரில், சுவரே வியர்க்கும். கண்ணாடி படத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளே நீர் கோத்துப் பிசின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பாதி ஓவியம் கண்ணாடியோடு வரும். ஃப்ரேம் போடுபவரிடம் மவுண்ட் போர்டு (படத்தைச் சுற்றி வைக்கும் கெட்டி அட்டை) வைத்துக் குறைந்தது 3 மில்லிமீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். செலோடேப் வேண்டாம், மஞ்சள் கறை பின்னாலிருந்து முன்னால் வரும். ஃப்ரேமின் கீழ் மூலைகளில் கார்க் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவே காற்று போகும். பூஞ்சைப் புள்ளி வந்தால் ஈரத்துணியால் துடைக்காதீர்கள். உலர்ந்த அறையில் சில நாள் வைத்து, நன்றாகக் காய்ந்தபின், வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் மெல்லிய பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள்.

மண் நிறங்களை வெயில் ஒன்றும் செய்யாது. இலையிலிருந்து எடுத்த பச்சைதான் முதலில் வெளிறும். படத்தில் அந்தப் பச்சை இருந்தால் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் மாட்ட வேண்டாம்.