ஸ்டேபிள் ஃபங்ஷன் ஒன்றை ‘கான்ஸ்ட் ஸ்டேபிள்’ ஆக்கிய அனுபவம்

ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியின் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் ஸ்லைஸுக்கான (அடுத்தடுத்து இருக்கும் மதிப்புகளின் தொகுதிக்கான) ஒரு சின்ன ஃபங்ஷன். பல வெர்ஷன்களாகவே ஸ்டேபிள்தான், அதாவது இனி மாறாது என்ற உறுதியோடு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. புரோகிராம் ஓடும்போது யாரும் கூப்பிடலாம். ஆனால் கம்பைல் ஆகும்போதே மதிப்பு கணக்கிடப்படும் கான்ஸ்ட் மாறிலிக்குள் கூப்பிட்டால், கான்ஸ்ட் ஃபங்ஷனாக அது இன்னும் ஸ்டேபிள் ஆகவில்லை என்று கம்பைலர் மறுத்துவிடும். ஒரே ஃபங்ஷனுக்கு இரண்டு முத்திரைகள்: ‘ஸ்டேபிள்’ வேறு, ‘ரஸ்ட்சி கான்ஸ்ட் ஸ்டேபிள்’ வேறு (ரஸ்ட்சி என்பது ரஸ்டின் கம்பைலர்). இரண்டாவதைப் பெறும் வேலையைத்தான் எடுத்துக்கொண்டேன்.

அது மியூட்டபிள் ரெஃபரன்ஸ் (தரவை மாற்றவும் விடும் சுட்டி) வாங்கும் ஃபங்ஷன். கான்ஸ்டில் அதற்கு அனுமதி வந்ததே 2024 நவம்பரில் வெளியான ரஸ்ட் 1.83-இல்தான். அதற்குப் பிறகே டிராக்கிங் இஷ்யூவில் (ஒரு வசதி ஸ்டேபிள் ஆகும்வரை அதைப் பற்றிப் பேசும் பக்கத்தில்) பேச்சு நகர்ந்தது. லைப்ரரி ஏபிஐ குழுவினர் ஒவ்வொருவராக டிக் போட்டார்கள், பிறகு 10 நாள் இறுதிக் கருத்துக் காலம். மறுப்பு எதுவும் வரவில்லை.

கோடில் மாற்றம் சில வரிகள்தான். ‘கான்ஸ்ட் அன்ஸ்டேபிள்’ அட்ரிபியூட்டை (ஃபங்ஷன்மேல் கம்பைலருக்கு எழுதும் குறிப்பை) எடுத்துவிட்டு ‘கான்ஸ்ட் ஸ்டேபிள்’ போட வேண்டும். எந்த வெர்ஷன் முதல் என்ற இடத்தில் எண்ணை எழுதக்கூடாது. ‘கரன்ட் ரஸ்ட்சி வெர்ஷன்’ என்று எழுதிவைத்தால் ரிலீஸ் வேலையின்போது சரியான எண் வந்து உட்காரும். டெஸ்ட்களில், அன்ஸ்டேபிள் வசதியைத் திறந்துவிடும், இனி தேவையில்லாத ஃபீச்சர் வரியையும் நீக்க வேண்டும்.

இவற்றைச் செய்ததும் பில்ட் பிழையோடு நின்றது. என் ஃபங்ஷன் உள்ளே கூப்பிடும் இன்னொரு ஃபங்ஷன் கான்ஸ்ட் அன்ஸ்டேபிள். கான்ஸ்ட் ஸ்டேபிள் ஃபங்ஷன் எதையெல்லாம் கூப்பிடுகிறது என்று கம்பைலர் செய்யும் சோதனை ஆழமாக உள்ளே இறங்கிப் பார்க்கிறது. அது மிகச் சரி என்பது என் உறுதியான கருத்து. அன்ஸ்டேபிளான கம்பைலர் வசதி ஒன்று உள்ளே ஒளிந்திருந்தால், ஸ்டேபிள் கம்பைலரில் எழுதுபவர்களின் கோடு அவர்களுக்கே தெரியாமல் அதன்மேல் நிற்கும். பிறகு அந்த வசதியை மாற்றவும் முடியாது, விலக்கவும் முடியாது.

சோதனையைத் தாண்டிப்போக ‘அலவ் கான்ஸ்ட் ஃபங்ஷன் அன்ஸ்டேபிள்’ என்றொரு அட்ரிபியூட் உண்டு. கம்பைல் நேரக் கணக்கீட்டைக் கவனிக்கும் கான்ஸ்ட் இவால் குழுவைக் கேட்காமல் அதைப் போடக்கூடாது. இங்கே அதற்குத் தேவையும் இல்லை. உள்ளே இருந்த ஃபங்ஷனை வரி வரியாகப் படித்தேன். பாயின்டர் கணக்கு, ஒரு லூப், ஒரு அசெர்ட். எல்லாமே ஸ்டேபிளான வசதிகள். அது அன்ஸ்டேபிளாக இருந்ததற்கு ஒரே காரணம், அதன் பெயர் முடிவாகாததுதான். இப்படிப்பட்ட இடத்துக்கென்றே ‘கான்ஸ்ட் ஸ்டேபிள் இன்டைரக்ட்’ இருக்கிறது: வெளியாட்கள் நேரடியாகக் கூப்பிட முடியாது, கான்ஸ்ட் ஸ்டேபிள் ஃபங்ஷன்கள் கூப்பிடலாம். அதைச் சேர்த்து, காரணத்தைப் புல் ரிக்வெஸ்டில் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் விண்ணப்பத்தில்) எழுதினேன். ரிவ்யூ செய்தவர் அந்த ஃபங்ஷனைத் தானும் முழுக்கப் படித்த பிறகே ஒப்புதல் தந்தார்.

மாற்றம் மெர்ஜ் ஆனதும் தினமும் வெளியாகும் சோதனைப் பதிப்பான நைட்லியில் வந்துவிட்டது. பீட்டா பதிப்பைக் கடந்து ஸ்டேபிள் பதிப்புக்கும் போய்ச் சேர்ந்தது. உள்ளே இருக்கும் ஃபங்ஷனின் டிராக்கிங் இஷ்யூ திறந்தே இருக்கிறது, பெயர் விவாதம் அங்கே தொடர்கிறது.