ஸ்பிண்டில் மோல்டருக்குப் பவர் ஃபீடர் பொருத்தியபோது கற்றவை

கடலூர் செம்மண்டலத்தில் உள்ள எங்கள் தச்சுப் பட்டறைக்குச் சென்ற ஆண்டு ஒரு பெரிய வேலை வந்தது. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய வீதி ஒன்றில் இருக்கும் பிரெஞ்சுக் காலத்து வீட்டின் ஜன்னல் கதவுகளைப் பழைய அளவிலேயே புதிதாகச் செய்து தர வேண்டும். மொத்தம் 24 கதவுகள். ஒவ்வொன்றிலும் காற்றும் வெளிச்சமும் வரும்படி சாய்த்து அடுக்கிய 36 பட்டிகள். ஆக 864 பட்டிகளுக்கும் இரண்டு விளிம்புகளை அரைவட்டமாக உருட்டியாக வேண்டும். மேசையின் நடுவே நிற்கும் தண்டில் கட்டர் என்ற வெட்டும் தலை சுழன்று மர விளிம்புக்கு வடிவம் கொடுக்கும் இயந்திரம்தான் ஸ்பிண்டில் மோல்டர். அதில் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றும் கட்டருக்கு அருகில் அத்தனை முறை விரல்களைக் கொண்டுபோக எனக்கு மனம் ஒப்பவில்லை. பல மாதங்களாகத் தள்ளிப்போட்டு வந்த பவர் ஃபீடரை அந்த வேலைக்காகத்தான் வாங்கினேன்.

பவர் ஃபீடரைப் பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு சிறிய மோட்டார், ஒரு கியர்பெட்டி, அடியில் வரிசையாக மூன்று அல்லது நான்கு ரப்பர் சக்கரங்கள், இவற்றைத் தாங்க ஒரு தூணும் கையும் இருக்கும். சக்கரங்கள் மரத்தை மேலிருந்து அழுத்தி, ஒரே வேகத்தில் கட்டரைக் கடந்து நகர்த்திச் செல்லும். பார்ப்பதற்கு எளிய பொருள்தான். ஆனால் மரத்தைக் கையால் தள்ளும்போது ஒரு கணு வந்தாலும், மரம் கைடை (அது ஒட்டி நகரும் பக்கச் சட்டத்தை) விட்டு விலகினாலும், கட்டர் முனை மழுங்கினாலும் கை அதை உடனே உணர்ந்து தயங்கும். சக்கரம் எதையும் உணராது, தயங்காது. அதனால் கை உணர்ந்து செய்ததையெல்லாம் சுவிட்சைப் போடுவதற்கு முன்பே நாம் யோசித்து முடித்திருக்க வேண்டும்.

பொருத்துவதிலிருந்தே அந்த யோசனை தொடங்குகிறது. என்னுடைய ஃபீடர் 1 குதிரைத்திறன் கொண்டது. எடை ஏறக்குறைய 60 கிலோ. அவ்வளவு எடையை மேசையின் ஒரு மூலையில் ஏற்றினால் இலேசான இயந்திரம் சாய்ந்துவிடும் என்பதால், முதலில் மோல்டரின் கால்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கினோம். தூணின் அடித்தட்டை ஒரு காகிதத்தில் வரைந்து, அந்தக் காகிதத்தை மேசையின்மேல் வைத்துப் பல இடங்களில் நகர்த்திப் பார்த்தோம். சக்கரங்கள் கைடு வரைக்கும் எட்ட வேண்டும். கட்டர் மாற்றும்போது முழு ஃபீடரையும் ஒதுக்கித் திருப்பிவிட இடமும் வேண்டும். மேசைக்கு அடியில் வார்ப்பிரும்பு விலா ஓடும் இடத்தில் துளை விழுந்துவிடாமல் இருக்க, கீழே குனிந்து விளக்கடித்துப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். எம்10 (10 மி.மீ. போல்ட்) மரைக்கு 8.5 மி.மீ. துளை, வார்ப்பிரும்பை எண்ணெய் விடாமல் உலர்வாகவே துளையிடலாம். ஃபீடரைத் தூக்கி வைக்க இரண்டு பேர் கட்டாயம் வேண்டும், மூன்றாவது ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது உயரம். பட்டியின் கனத்தைவிடச் சுமார் 3 மி.மீ. தாழ்வாகச் சக்கரங்கள் நிற்க வேண்டும். பட்டி உள்ளே நுழையும்போது சக்கரத்தின் மேலுள்ள சுருள்வில் அந்த அளவுக்கு அமுங்கி, பட்டியை மேசையோடு பிடித்துக்கொள்ளும். தாழ்வு குறைந்தால் சக்கரம் வழுக்கும்; அதிகமானால் மெல்லிய பட்டி வளைந்து நெளியும், மோட்டாரும் திணறும். என் பட்டிகள் வெறும் 10 மி.மீ. கனம் உள்ளவை என்பதால் 3 மி.மீ. தாழ்வே சற்று அதிகமாகத் தெரிந்தது, 2 மி.மீ. வைத்து ஓட்டியதில்தான் விளிம்பு சீராக வந்தது. எல்லாப் பட்டிகளையும் முன்னதாகவே ஒரே கனத்துக்கு இழைத்து வைத்திருந்ததால் அது போதுமானதாக இருந்தது.

உயரத்தைவிட நுட்பமானது கோணம். சக்கர வரிசை கைடுக்குச் சரியான இணையாக இருந்தால், மரம் நேராகப் போவதுபோலத் தோன்றினாலும் கைடோடு ஒட்டி நிற்காது. மரம் வெளியேறும் பக்கத்துக் கடைசிச் சக்கரம், நுழையும் பக்கத்து முதல் சக்கரத்தைவிட 3 முதல் 5 மி.மீ. கைடுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். அப்போதுதான் சக்கரங்கள் மரத்தை முன்னே நகர்த்திக்கொண்டே கைடின் பக்கமும் தள்ளும். இந்தக் கோணத்தை நான் முதல் நாள் தலைகீழாக வைத்துவிட்டேன். பட்டி போகப் போகக் கைடை விட்டு விலகி, தொடக்கத்தில் முழுதாக இருந்த அரைவட்டம் முடிவில் வெறும் கீறலாக வந்தது. அன்றிலிருந்து எந்த அமைப்பை மாற்றினாலும் மோல்டரின் மெயின் சுவிட்சை அணைத்து, கட்டரை மேசைக்குக் கீழே இறக்கிவிட்டு, பிறகு சுவிட்சைப் போட்டு ஃபீடரில் ஒரு வீண் பட்டியை அனுப்பிப் பார்க்கிறேன். பட்டிக்கும் கைடுக்கும் நடுவே ஒரு தாள் நுழையும் இடைவெளி தெரிந்தால்கூடக் கட்டரை மேலே ஏற்றுவதில்லை.

கட்டருக்கு முன்னால் குறைந்தது ஒரு சக்கரமும், கட்டரைத் தாண்டிக் குறைந்தது ஒரு சக்கரமும் மரத்தைப் பிடித்திருக்க வேண்டும். என்னுடையது மூன்று சக்கரம் என்பதால், முன்னால் ஒன்றும் பின்னால் இரண்டுமாக வைத்திருக்கிறேன். கட்டரைத் தாண்டிய மரத்தை வெளியே இழுத்துச் செல்வதுதான் கடினமான பாதி. சக்கரத்தின் விளிம்பு கட்டரைத் தொட்டுவிடாமல் கைடிலிருந்து 10 மி.மீ. தள்ளி நிற்கும்படியும் பார்த்துக்கொண்டேன்.

துண்டின் நீளத்தைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். கதவுக்கு வேண்டிய பட்டியின் நீளம் 420 மி.மீ. அந்த அளவுக்கு வெட்டிய துண்டுகளை ஒவ்வொன்றாக அனுப்பியிருந்தால், ஒரு சக்கரம் விட்டு மறு சக்கரம் பிடிக்கும் நேரத்தில் துண்டு அசைந்து, விளிம்பில் பள்ளம் விழுந்திருக்கும். ஆகவே 2.2 மீட்டர் நீளப் பட்டிகளாகவே விளிம்பை உருட்டி, பிறகுதான் ஐந்தைந்தாக வெட்டினோம். 173 நீளப் பட்டிகள், விளிம்புக்கு ஒரு முறையாக 346 ஓட்டம். இரண்டு நாளில் முடிந்தது. ஒரு பட்டியின் வாலை அடுத்த பட்டியின் தலை தொட்டுத் தள்ளும்படி இடைவெளி விடாமல் அனுப்பினால், கடைசிச் சக்கரத்துக்கு அடியில் பட்டி நின்றுபோவதும் இல்லை.

வேகத்தைப் பற்றி ஒரு சிறு கணக்கு. இரண்டு முனை கொண்ட கட்டர் நிமிடத்துக்கு 6000 சுற்று சுற்றினால் 12,000 முறை மரத்தை வெட்டுகிறது. மரம் நிமிடத்துக்கு 6 மீட்டர் நகர்ந்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் அரை மி.மீ.; 12 மீட்டர் நகர்ந்தால் 1 மி.மீ. மெதுவாக அனுப்பினால் எப்போதும் நல்லது என்று நினைப்பது தவறு. மிக மெதுவாக நகரும் மரத்தைக் கட்டர் வெட்டாமல் உரசுகிறது. மரம் கருகுகிறது, முனையும் சீக்கிரம் மழுங்குகிறது. தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் அதற்கு இது இன்னும் பொருந்தும்.

அந்த வீட்டுக்காரர் பழைய கதவுகளிலிருந்த பர்மா தேக்கில் நல்லதை மறுபடி பயன்படுத்தச் சொல்லியிருந்தார். பல பூச்சு பெயின்ட்டுக்கு அடியில் ஒடிந்த ஆணிகள் ஒளிந்திருக்கும் மரம் அது. ஒவ்வொரு பலகையையும் சுரண்டிச் சுத்தம் செய்து, வலுவான காந்தத்தை அங்குலம் அங்குலமாக ஓட்டிப் பார்த்த பிறகே இயந்திரத்துக்கு அனுப்பினோம். கையால் தள்ளியிருந்தால் ஆணி தட்டும் சத்தத்தில் நின்றிருப்போம். ஃபீடர் அந்த ஆணியைக் கட்டருக்குள் திணித்துக்கொண்டே இருக்கும்.

இனி என்னை இன்றைக்கும் நடுங்க வைக்கும் ஒரு காலைப் பொழுதைப் பற்றிச் சொல்கிறேன். ஐப்பசி மழையில் எங்கள் பகுதியில் மின்கம்பி அறுந்து, இரண்டு நாள் கழித்து மும்முனை இணைப்பு திரும்ப வந்தது. உதவிக்கு இருக்கும் தம்பி முதலில் மோல்டரையும் பிறகு ஃபீடரையும் போட்டான். ஃபீடரின் சக்கரங்கள் பின்னோக்கிச் சுற்றின. "அண்ணே, சக்கரம் ரிவர்ஸ்ல ஓடுது, சுவிட்ச மாத்தி விட்டுடவா?" என்று கேட்டான். ஃபீடரில் முன்னோக்கு, பின்னோக்கு என இரண்டு நிலை கொண்ட சுவிட்ச் இருக்கிறது. அதை மாற்றினால் சக்கரங்கள் சரியான திசைக்கு வந்துவிடும். நான் சரி என்று சொல்ல வாயெடுத்த நேரத்தில்தான் உறைத்தது. மும்முனை இணைப்பின் மூன்று ஃபேஸ் கம்பிகளில் இரண்டு இடம் மாறியிருந்தால் ஃபீடர் மட்டும் திசை மாறாது. மோல்டரும் திசை மாறித்தான் சுற்றும். 6000 சுற்றில் கட்டரின் திசை கண்ணுக்குத் தெரியாது. சக்கரத்தின் திசை மட்டுமே தெரியும். தம்பி சுவிட்சை மாற்றியிருந்தால், தலைகீழாகச் சுற்றும் கட்டருக்குள் பட்டி முறையாக நுழைந்திருக்கும். முனைகளின் முதுகு மரத்தை அறைந்திருக்கும். கட்டரைப் பிடித்திருக்கும் நட்டும் தளர்ந்திருக்கக்கூடும்.

இரண்டையும் அணைத்தோம். கட்டர் நிற்கும் தறுவாயில் பார்த்தபோது அது எதிர்த் திசையில்தான் சுற்றிக்கொண்டிருந்தது. அதே வாரத்தில் எலக்ட்ரீசியனை அழைத்து, ஃபேஸ் வரிசை மாறினால் மின்சாரத்தையே விடாத ரிலே ஒன்றைப் பொருத்தினோம். கூடவே, மோல்டர் ஓடினால் மட்டுமே ஃபீடர் ஓடும்படி கான்டாக்டர் (மோட்டாருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் மின்சுவிட்ச்) இணைப்பையும் மாற்றினோம். மோல்டர் ஓவர்லோடில் நின்றுபோய் ஃபீடர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், அசையாமல் நிற்கும் கட்டரின்மேல் மரம் மோதிக்கொண்டே இருக்கும் அல்லவா? இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தும் சிவப்புப் பொத்தான், நிற்கும் இடத்திலிருந்து கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. ஃபீடர் வாங்கும் செலவோடு இந்த மின்வேலையின் செலவையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும் என்று நண்பர்களிடம் வலியுறுத்திச் சொல்லி வருகிறேன்.

ஃபீடர் வந்த பிறகு கட்டரிடமிருந்து விரல் விலகிவிட்டது; ஆனால் முதல் சக்கரத்துக்கும் மரத்துக்கும் நடுவில் விரல் சிக்கும் புதிய இடம் ஒன்று உண்டாகியிருக்கிறது. பட்டியின் பின்முனையை உள்ளங்கையால் தள்ள வேண்டும்; விரல்களை மேலே மடித்துப் பிடிக்கக் கூடாது. சக்கரம் பிடித்த உடனே கையை எடுத்துவிட வேண்டும். கையுறை வேண்டாம். தோளில் துண்டு வேண்டாம், லுங்கியும் வேண்டாம். மரம் போகும் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது. மறுபக்கத்தில் வாங்குபவர், கடைசிச் சக்கரம் விட்ட பிறகே பட்டியைத் தொட வேண்டும்.

கடலோர உப்புக்காற்றில் வார்ப்பிரும்பு மேசையும் தூணும் ஒரே வாரத்தில் துருவேறிச் சொரசொரப்பாகின்றன. மேசையில் மெழுகுவத்தியைத் தேய்த்துத் துணியால் துடைக்கிறோம். மரம் எளிதாக நகர்கிறது, சக்கரத்துக்கு வேலை குறைகிறது. பலா மரம் ஓட்டிய நாளில் சக்கரங்களில் பிசின் ஒட்டி வழுக்கும் என்பதால் ஈரத்துணியால் துடைத்து உலர விடுகிறோம். மண்ணெண்ணெய் ரப்பரைக் கெடுத்துவிடும். தூணிலும் கையிலும் உள்ள ஒவ்வொரு இறுக்குப்பிடியின் குறுக்கேயும் வெள்ளைப் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டிருக்கிறோம். வேலையின் நடுவே கோடு முறிந்து தெரிந்தால், பிடி தளர்ந்து ஃபீடர் திரும்பத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். மாலையில் மெயினை அணைத்த பிறகு, ரப்பரில் தட்டை விழாமல் இருக்கச் சக்கரங்களை மேசையிலிருந்து ஓர் அங்குலம் உயர்த்திவிட்டுத்தான் கதவைப் பூட்டுகிறோம்.