யார் பெற்ற பிள்ளை இந்தக் கார்?

விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: "1950-களின் ஸ்போர்ட்ஸ் கார். அலுமினிய பாடி. லோட்டஸ் செய்து பார்த்த முதல் மாதிரி வண்டிகளில் ஒன்றாக இருக்கலாம்." லோட்டஸ் என்றால் பிரிட்டனின் பேர்பெற்ற ஸ்போர்ட்ஸ் கார் கம்பெனி. அந்த "இருக்கலாம்" என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நான் கொட்டிக் கொடுத்த பணத்தை என் மனைவி இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள். இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒரு பண்ணைக் கொட்டகை, கோழி எச்சத்துக்கு அடியில் சிவப்பு பெயின்ட், வளைந்த மூக்கு. பார்த்ததும் விழுந்துவிட்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த முதல் வாரமே லோட்டஸ் கதை செத்துவிட்டது. 1952-லிருந்து 1955 வரை லோட்டஸ் விற்ற மார்க் 6 காரிலும் என் காரில் உள்ள அதே 1172 சிசி ஃபோர்டு சைடுவால்வு இன்ஜின் உண்டு. அதன் முன் ஆக்ஸிலும் என்னுடையதைப் போலவே நடுவில் வெட்டிக் கீல் வைத்ததுதான். விற்றவர் பொய் சொல்லவில்லை, ஆசைப்பட்டிருக்கிறார். ஆனால் மார்க் 6-இன் உடம்பு இரும்புக் குழாய்களால் பின்னிய கூண்டு. என் வண்டிக்கு அடியில் படுத்து டார்ச் அடித்தால் தெரிவது மடித்த தகட்டில் செய்த இரண்டு நீளச் சட்டங்கள், முன்னும் பின்னும் குறுக்கே கிடக்கும் ஒற்றை லீஃப் ஸ்பிரிங், கம்பியால் இழுக்கும் பிரேக். சாதாரண ஃபோர்டு குடும்பக் காரின் சேஸிஸ், அதாவது அடிச்சட்டம். லோட்டஸ் வரலாறு தெரிந்த ஒருவருக்குப் படம் அனுப்பினேன். இரண்டே வரியில் பதில் வந்தது. அதில் ஒரு வரி "வாழ்த்துகள்".

வெட்டிய ஆக்ஸிலும் எதையும் நிரூபிக்கவில்லை. லெஸ்லி பாலமி என்பவர் அந்த மாற்றத்தைக் கேட்டவர்களுக்கெல்லாம் விற்றார். அந்தக் காலமே அப்படி. போர் முடிந்த இங்கிலாந்தில் புதுக் காருக்கு வரிசையும் வரியும். பழைய ஃபோர்டை வாங்கி, மேல்கூட்டைக் கழற்றி எறிந்து, தன் கையால் ஸ்போர்ட்ஸ் கார் கட்டிக்கொண்டவர்கள் ஏராளம். அவர்களுக்காகவே சின்னச் சின்ன கம்பெனிகள் முளைத்தன. ரெடிங்கில் பக்லர் என்பவர் சேஸிஸும் கியரும் செய்தார். ஆக்வாபிளேன் என்ற கம்பெனி இன்ஜினுக்கு அலுமினிய ஹெட் (மேல்மூடி) செய்தது. கொஞ்ச நாளில் கண்ணாடி நாரில் செய்த ஃபைபர் பாடிகள் வந்தன: மிச்சம் என்ற ஊரில் மைக்ரோபிளாஸ், எஸ்ஸெக்ஸில் ஆஷ்லி, வடக்கே ராச்டேல். உதிரியாக வாங்கிக் கட்டினால் முழுக் காருக்கு விழும் கொள்முதல் வரி கிடையாது. ஆக, யார் வீட்டு ஷெட்டிலும் என் கார் பிறந்திருக்கலாம்.

இப்படித் தேடக் கிளம்புகிறவர்கள் முதலில் தடுக்கி விழுவது பதிவு எண்ணில்தான். நானும் விழுந்தேன். பிரிட்டனில் எண் சேஸிஸோடு போகும். 1939-இல் பதிவான காருக்கு 1955-இல் புது பாடி மாட்டினாலும் எண் பழையதுதான். என் காரின் எண்ணை வைத்து "போருக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார்!" என்று நான் குதித்ததைப் பார்த்தவர்கள் நல்லவேளை சிலர்தான். அந்த எண் சேஸிஸ் கொடுத்த வண்டியின் வயதைத்தான் சொல்லும். மூன்றெழுத்துப் பழைய எண்களில் கடைசி இரண்டு எழுத்துகள் எந்தக் கவுன்டியில் (மாவட்டம் மாதிரி) பதிவானது என்றும் சொல்லும். அது மட்டும் உருப்படியான தகவல்.

சரி, ஆவணங்களுக்கு வருவோம். ஸ்வான்சீயில் உள்ள வாகனப் பதிவுத் துறைக்கு வி 888 என்ற படிவத்தில் எழுதிக் கேட்கலாம். ஆனால் அங்கே எல்லாம் மையப்படுத்தப்பட்டது 1970-களின் நடுவில்தான். அதற்கு முந்தைய பதிவேடுகள் அந்தந்த கவுன்சில்களிடம் இருந்தன. பல இடங்களில் அவற்றைக் கிழித்தோ எரித்தோ விட்டார்கள். தப்பியவை சில கவுன்டி ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன, சில ட்ராய்ட்விச்சில், முன்பு கிட்ஹெட் அறக்கட்டளை என்று இருந்த பஸ் ஆர்க்கைவ் காப்பகத்தில். என் எண்ணுக்கு உரிய பதிவேடு தப்பியிருந்தது. அதிர்ஷ்டம்தான், வேறென்ன சொல்ல.

சில வாரம் கழித்து வந்த நகல் ஒரே ஒரு அட்டை. மேலே ஒரு கையெழுத்தில்: ஃபோர்டு பிரிஃபெக்ட், சலூன், கறுப்பு, 1939. கீழே வேறொரு பேனா. "சலூன்" (கூரை மூடிய குடும்பக் கார்) அடிக்கப்பட்டு, பக்கத்தில் "ஸ்போர்ட்ஸ், 2 இருக்கை, சிவப்பு". அதன்மேல் ரப்பர் முத்திரை, 1953. உரிமையாளர் பெயரும் இருந்தது. அந்த முத்திரையை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஒரு குமாஸ்தா அன்றைக்கு இதற்காகச் செலவிட்ட நேரம் அரை நிமிடம் இருக்குமா?

அட்டையில் உள்ள சேஸிஸ் எண் என் வண்டியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலப்பக்கச் சட்டத்தின் மேல், அறுபது வருடத்து அழுக்குக்கு அடியில். கம்பி பிரஷ் போடக்கூடாது என்று எனக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், எண்ணே தேய்ந்துபோகும். மண்ணெண்ணெய்த் துணியால் இரண்டு நாள் ஊறவைத்துத் துடைத்து, சாக்பீஸைப் படுக்கவைத்து மேலே தேய்த்தேன். ஒவ்வோர் இலக்கமாகத் தெரிந்தது. அதே எண். இன்ஜின் எண் மட்டும் வேறு. அது பெரிய விஷயமில்லை. ஃபோர்டு இன்ஜினுக்கும் சேஸிஸுக்கும் ஒரே எண்ணைத்தான் போட்டு அனுப்பும். ஆனால் தேய்ந்த இன்ஜினைக் கொடுத்துப் புதுப்பித்ததை வாங்கிக்கொள்ளும் வழக்கம் அன்று சர்வசாதாரணம்.

அன்று இரவே சந்தோஷம் போயிற்று. பிரிஃபெக்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 7 அடி 10 அங்குலம் இருக்க வேண்டும். என் வண்டியில் 7 அடி 6 அங்குலம். அது ஃபோர்டின் சின்ன மாடல்களான ஆங்லியா, பாப்புலர் கார்களின் அளவு. அப்படியானால் யாரோ வேறு சேஸிஸில் இந்த எண்ணை அடித்துவிட்டார்களா? டேப்பைத் திரும்பத் திரும்பப் பிடித்துப் பார்த்தேன், 4 அங்குலம் வளர்வதாக இல்லை. மூன்றாம் நாள் கண்ணாடியை உள்ளே நீட்டிப் பார்த்தபோதுதான் இருக்கைக்கு அடியில், இரண்டு சட்டத்திலும் உள்பக்கம் ஒட்டுத் தகடுகள் தெரிந்தன. சட்டத்தை வெட்டி, 4 அங்குலத்தை எடுத்துவிட்டு, தகடு வைத்து ரிவெட் அடித்திருக்கிறார்கள். பின் ஆக்ஸிலுக்குப் போகும் ஷாஃப்டை மூடியிருக்கும் குழாயிலும் மோதிரம் போட்டதுபோல ஒரு வெல்டிங். இவ்வளவு மெனக்கெட்டவர் வெறுமனே பாடி வாங்கி மாட்டியவர் அல்ல என்று அப்போதே பட்டது.

இதற்கு மேல் ஒரு வருடம் ஒன்றும் நகரவில்லை.

அப்புறம் செப்டம்பரில் இங்கிலாந்தின் பியூலி என்ற ஊரில் நடக்கும் பழைய கார் உதிரிச் சந்தைக்குப் போயிருந்தேன். மழை. ஒரு கடையின் மேசைக்கு அடியில் உடைந்த ஃபைபர் பாடியின் முன்பாதி கிடந்தது. வளைவு எங்கோ பார்த்த வளைவு. குனிந்து தடவினேன். இடது ஹெட்லைட்டின் வெளி ஓரத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. என் காரில் அதே இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தட்டை இருக்கிறது. வலது பக்கம் முட்டைபோல உருண்டிருக்கும், இடது பக்கம் மட்டும் யாரோ அமுக்கியதுபோல. கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. உப்புத்தாள் போட்டு வாரக்கணக்கில் தேய்த்தவன் கைக்குத் தெரியும். அந்த ஃபைபரிலும் அதே தட்டை, அதே இடம்.

விற்றவர் அந்த பாடியைச் செய்த கம்பெனியின் பெயரைச் சொன்னார். நான் இங்கே எழுதவில்லை, அந்தக் குடும்பத்தார் இருக்கிறார்கள். பழைய மோட்டார் பத்திரிகைகளைப் புரட்டியதில் அவர்களுடைய முதல் விளம்பரம் 1955-இல். "எங்கள் பொறியாளர்களே வடிவமைத்தது" என்று கொட்டை எழுத்தில். என் காரின் அட்டையில் இருப்பதோ 1953. அப்படியென்றால் என்னிடம் இருப்பது அந்த கம்பெனியின் முதல் மாதிரியா? லோட்டஸ் இல்லாவிட்டால் என்ன, இதுவும் ஒரு புரோட்டோடைப்தானே என்று எனக்குள் மறுபடி ஆசை.

ஆனால் தேதி மட்டும் போதாது. ஃபைபர் பாடியைப் பார்த்து அலுமினியத்தில் அடித்த பாடியைப் பிற்பாடு மாட்டியிருக்கலாம் என்று ஒருவர் வாதிட்டார். நியாயமான கேள்வி. பதில் ரசாயனத்தில் இருந்தது. ஃபைபர் பாடி செய்ய முதலில் ஒரு மூல வடிவம் வேண்டும். அதற்கு மெழுகு தேய்த்து, மேலே பிசினும் கண்ணாடி நாரும் ஒட்டி மோல்டு எடுப்பார்கள். அந்த மோல்டுக்குள் மறுபடி பிசினும் நாரும் பூசினால் பாடி. பாலியெஸ்டர் பிசின் இறுகும்போது கொஞ்சம் சுருங்கும். மோல்டில் ஒரு சுருக்கம், பாடியில் இன்னொரு சுருக்கம். ஆகவே பிள்ளை எப்போதும் தாயைவிடச் சற்றுச் சிறிது. பெரிய ஃபைபர் பாடி வளையும், தொங்கும், அதை நம்பி அளக்க முடியாது. விறைப்பான மூக்குப் பகுதியில் இரண்டு ஹெட்லைட் துளைகளின் மையத்துக்கு இடையே மட்டும் அளந்தோம். நான்கு பேரிடம் இருந்த நான்கு ஃபைபர் மூக்குகள். நான்குமே என்னுடையதைவிட 3, 4 மில்லிமீட்டர் குறைவு.

இன்னொரு தடயம் என் கண்ணெதிரிலேயே இருந்திருக்கிறது. பானெட்டின் காற்றுத் துளைகளின் மடிப்பில் வெள்ளையாக, கல்போல இறுகிய ஏதோ. பழைய பட்டி என்று நினைத்துக் குச்சியால் நோண்டி எறிந்துகொண்டிருந்தேன். பிளாஸ்டர். துளையோ இடுக்கோ இருந்தால் மோல்டு கழன்று வராது, அதனால் அடைத்திருக்கிறார்கள். ஃபைபர் பாடிகளில் அந்தத் துளைகள் இருக்க வேண்டிய இடத்தில் மங்கலான அலைகள் மட்டும் இருப்பதன் காரணமும் அதுதான். கடைசியாக மிஞ்சிய இரண்டு மடிப்புகளை அப்படியே விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் குப்பையில் போட்டதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அட்டையில் இருந்த பெயர்க்காரர் காலமாகிவிட்டார். பழைய கார் ஆட்கள் வழியாக மூன்று கை மாறி அவருடைய மகளுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது. எண்பதை நெருங்குகிறவர். தொலைபேசியில் அவர் கேட்ட முதல் கேள்வி, "இன்னும் சிவப்பாகத்தான் இருக்கிறதா?"

அவருடைய அப்பா எந்தக் கார் கம்பெனியிலும் வேலை பார்த்ததில்லை. வரைபடம் போடுபவர். சனி ஞாயிறுகளில் வீட்டுக்குப் பின்னால் மரக்கட்டையிலும் மணல் மூட்டையிலும் வைத்துத் தகட்டை அடித்து இந்தக் காரைக் கட்டியிருக்கிறார். சாலையில் பார்த்த யாரோ இரண்டு வாரத்துக்கு இரவல் கேட்டிருக்கிறார்கள். பதிலுக்குப் புது பெயின்ட் அடித்துத் தருவதாகப் பேச்சு. கார் திரும்பி வந்தபோது கதவிடுக்கெல்லாம் வெள்ளைத் தூள், அம்மா திட்டினார் என்றார். பெயின்ட் அடித்தார்களாம். அவ்வளவுதான் அந்த மனிதருக்குக் கிடைத்தது.

அவர் அனுப்பிய இரண்டு படங்கள் என் மேசையில் இருக்கின்றன. ஒன்றின் பின்னால் 1954, மே என்று பென்சிலில். அதில் இடது ஹெட்லைட் ஓரம் வலதைப் போலவே உருண்டையாக இருக்கிறது. இன்னொன்று அதே கோடை. தட்டை வந்துவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று கேட்டேன். சிரித்தார். "அது எங்கள் வாசல் தூண். அம்மாதான் ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் வந்தார். அப்பா தட்டி நிமிர்த்தினார், முழுசாக வரவில்லை."

அந்தத் தூணின் அடியைத்தான் கம்பெனி மோல்டு எடுத்து, விளம்பரம் போட்டு விற்றிருக்கிறது.

போன மாதம் காப்பீட்டுக்காக மதிப்பிட வந்தவர் படிவத்தில் "புரோட்டோடைப்" என்று போட்டால் தொகை ஏறும் என்றார். பேனாவை வாங்கி, தயாரிப்பாளர் என்ற இடத்தில் பதிவுச் சான்றில் உள்ளபடியே "ஃபோர்டு" என்று எழுதினேன். கீழே குறிப்பு எழுத இருந்த இடத்தில் மகளின் அனுமதியோடு அப்பாவின் பெயரைப் போட்டேன். டிங்கரிங் செய்பவர் அடுத்த வாரம் வருகிறார். இடது ஹெட்லைட் பக்கம் போக வேண்டாம் என்று சாக்பீஸால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.